காயத்தை மூடினால் போதுமா? தோல் ஒட்டும் புதிய முறைகளும் அவற்றின் சோதனைகளும்

சிறு வெட்டு, சிராய்ப்பு போன்ற காயங்களைத் தோல் தானாகவே மூடிக்கொள்ளும். காயம் ஆழமாகவோ அகலமாகவோ இருந்தால் அந்த ஆற்றல் போதாது. பெருந்தீக்காயம், சாலை விபத்தில் தோல் உரிந்துபோன காயம், சர்க்கரை நோயாளியின் பாதத்தில் ஆறாமல் நிற்கும் புண், இரத்த நாளக் கோளாறால் கணுக்காலருகே வரும் புண், நெடுநாள் படுத்திருப்பவர்களுக்கு உண்டாகும் படுக்கைப் புண் ஆகியவை இந்த வகை. உடலின் வேறோர் இடத்திலிருந்து தோலை எடுத்து இத்தகைய காயத்தின் மேல் ஒட்டுவது நூற்றைம்பது ஆண்டுப் பழக்கம். அதன் குறைகளைப் போக்க, ஆய்வகத்தில் வளர்த்த தோல், செல்களைத் தெளிக்கும் முறை, செயற்கை உள்தோல், மரபணு திருத்திய தோல் என்று பல புதிய முறைகள் வந்துள்ளன. இவற்றில் எது உண்மையிலேயே மேலானது என்று கண்டறிவது எளிதல்ல. காயம் மூடிக்கொள்வது ஒன்று. மூடிய பரப்பு வலுவான தோலாக நிலைப்பது வேறொன்று. இரண்டையும் தனித்தனியே அளந்தால்தான் ஒரு முறையின் மதிப்புத் தெரியும்.

தோலின் இரண்டு அடுக்குகள்

வளர்ந்த மனிதரின் தோல் ஏறத்தாழ 1.5 முதல் 2 சதுர மீட்டர் பரப்புள்ளது. அதன் வெளியடுக்கான மேல்தோல் உடலின் பெரும்பகுதியில் 0.1 மில்லிமீட்டர் அளவுக்கே தடிமன் கொண்டது. அதில் இரத்தக் குழாய்கள் கிடையாது. கேரட்டினோசைட் எனப்படும் செல்கள் அதன் அடிவரிசையில் பிறந்து, மேலே நகர்ந்து, இறந்து உதிர்கின்றன. நிறம் தரும் மெலனோசைட் செல்களும் அந்த அடிவரிசையில்தான் உள்ளன. மேல்தோலுக்குக் கீழே இருப்பது உள்தோல். கொலாஜன், எலாஸ்டின் என்னும் புரத இழைகளால் ஆன இந்த அடுக்குதான் தோலுக்கு வலுவும் நெகிழ்வும் தருகிறது. இரத்தக் குழாய்கள், நரம்பு முனைகள், வியர்வைச் சுரப்பிகள், மயிர்க்கால்கள் ஆகியவை இதில் பதிந்திருக்கின்றன.

காயம் எப்படி ஆறும் என்பது அதன் ஆழத்தைப் பொறுத்தது. உள்தோலின் மேற்பகுதி மட்டும் அழிந்திருந்தால், எஞ்சிய மயிர்க்கால்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் உள்ள செல்கள் பெருகி, காயத்தின் பரப்பெங்கும் ஒரே சமயத்தில் புது மேல்தோலை உண்டாக்குகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் காயம் மூடிவிடும். உள்தோல் முழுவதும் அழிந்துவிட்டால் இந்த ஊற்றுகள் இல்லாமல் போகின்றன. அப்போது மேல்தோல் செல்கள் விளிம்பிலிருந்து மட்டுமே ஊர்ந்து வர வேண்டும். அகலமான காயத்தில் அவை நடுப்பகுதியை எட்ட மாதக்கணக்கில் ஆகலாம். எட்டாமலே போகவும் செய்யலாம்.

இதற்கிடையே காயத்தின் அடியில் சிவந்த புதுச்சதை வளர்கிறது. அதிலுள்ள சில செல்கள் சுருங்கி, விளிம்புகளை உள்நோக்கி இழுக்கின்றன. கழுத்து, அக்குள், முழங்கை, விரல் மடிப்பு போன்ற இடங்களில் இந்தச் சுருக்கம் மூட்டை நீட்ட முடியாதபடி செய்துவிடும். அழிந்த உள்தோல் பழைய அமைப்பில் திரும்ப வளர்வதில்லை. அதன் இடத்தைத் தழும்பு நிரப்புகிறது. ஆகவே, ஆழமான காயத்துக்கு வெளியே ஒரு மூடி மட்டும் போதாது. அடியில் உள்தோலின் வேலையைச் செய்யும் ஓர் அடுக்கும் தேவை.

வழக்கமான ஒட்டு

மருத்துவமனைகளில் அதிகம் செய்யப்படுவது மெல்லிய தோல் ஒட்டு. பெரும்பாலும் தொடையிலிருந்து, டெர்மடோம் என்னும் கருவியால், 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் தடிமனில் தோலைச் சீவி எடுக்கிறார்கள். மேல்தோல் முழுவதும் உள்தோலில் ஒரு பகுதியும் அதில் வந்துவிடும். எடுத்த இடத்தில் மயிர்க்கால்களின் அடிப்பகுதி எஞ்சியிருப்பதால் அது பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிடுகிறது. ஆனாலும் நோயாளிக்கு மூலக்காயத்தைவிட அந்த இடமே அதிகம் வலிப்பதுண்டு. அங்கும் தழும்பு விழும். முகம், கைவிரல் போன்ற இடங்களுக்கு உள்தோலை முழுமையாகச் சேர்த்தெடுத்த முழுத்தடிமன் ஒட்டு பொருத்தமானது. அது சுருங்குவது குறைவு. ஆனால் எடுத்த இடத்தைத் தையல் போட்டு மூட வேண்டியிருப்பதால் சிறிதளவே எடுக்க முடியும்.

வெட்டி எடுத்த தோலுக்குச் சொந்த இரத்த ஓட்டம் இல்லை. முதல் ஓரிரு நாள் அது காயத்தளத்தில் ஊறும் நீரை உறிஞ்சிப் பிழைத்திருக்கிறது. அதன் பிறகு ஒட்டின் நுண்குழாய்களும் காயத்தளத்தின் நுண்குழாய்களும் இணையத் தொடங்குகின்றன. புதுக் குழாய்களும் முளைக்கின்றன. நான்கைந்து நாளில் இரத்தம் ஓடத் தொடங்கினால் ஒட்டு பிடித்துவிட்டது என்று பொருள். அதற்குள் அடியில் இரத்தம் கட்டினாலோ, சீழ் பிடித்தாலோ, ஒட்டு இடம்பெயர்ந்தாலோ அது அழுகிவிடும். எலும்போ தசைநாணோ வெளியே தெரியும் இடத்திலும், இரத்த ஓட்டம் குன்றிய காலிலும் ஒட்டு பிடிப்பது அரிது.

இந்த முறையின் தொடக்கம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ழாக் லூயி ரெவெர்தேன் 1869இல் பாரிஸில், ஆறாத புண்ணின் மேல் மேல்தோலின் சிறு துணுக்குகளை வைத்து, அவை வளர்ந்து ஒன்றோடொன்று சேர்வதைக் காட்டினார். 1874இல் ஜெர்மனியின் கார்ல் தியர்ஷ் அகலமான மெல்லிய ஒட்டுகளையும், 1875இல் கிளாஸ்கோவின் ஜான் வுல்ஃப் முழுத்தடிமன் ஒட்டையும் விவரித்தனர். சுஸ்ருத சம்ஹிதை கூறும் மூக்குச் சீரமைப்பு இதிலிருந்து வேறுபட்டது. அதில் பக்கத்துத் தோல் இரத்த ஓட்டம் அறுபடாமல் திருப்பி வைக்கப்படுகிறது. ஒட்டில் தோல் முழுவதுமாகப் பிரித்தெடுக்கப்படுகிறது.

சொந்தத் தோலின் பற்றாக்குறை

உடலில் பாதிக்கு மேல் எரிந்தவரிடம் எடுப்பதற்குத் தோல் போதாது. இருப்பதை நீட்டிப் பயன்படுத்துவதே முதல் தீர்வாக அமைந்தது. 1958இல் சிசரோ மீக், ஒட்டைச் சிறு சதுரங்களாக வெட்டி இடைவெளி விட்டுப் பரப்பும் முறையை அறிமுகம் செய்தார். 1964இல் ஜேம்ஸ் டானரும் அவருடைய குழுவினரும் ஒட்டில் கீறல்கள் போட்டு வலையாக விரிக்கும் கருவியை உருவாக்கினர். ஒட்டை மூன்று, நான்கு மடங்கு பரப்புக்கு விரிக்க முடியும். கண்ணிகளுக்கு இடையிலான இடம் விளிம்பிலிருந்து ஊரும் செல்களால் மூடுகிறது. ஆனால் வலை எவ்வளவு விரிகிறதோ அவ்வளவு காலம் மூடுவதற்கு ஆகும். சுருக்கமும் தழும்பும் அதிகரிக்கும். வலையின் தடம் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

இன்னொருவரின் தோலை ஒட்டினால் என்ன என்ற கேள்விக்கு விடை 1943இல் கிடைத்தது. கிளாஸ்கோவில் அறுவை மருத்துவர் தாமஸ் கிப்சனும் விலங்கியலாளர் பீட்டர் மெடாவரும், தீக்காயம்பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சொந்தத் தோலின் சிறு துண்டுகளையும் அவருடைய சகோதரரின் தோல் துண்டுகளையும் ஒரே சமயத்தில் ஒட்டி ஒப்பிட்டனர். சொந்தத் தோல் நிலைத்தது. சகோதரரின் தோல் சில நாள் பிடித்திருந்துவிட்டு அழிந்தது. அதே சகோதரரிடமிருந்து எடுத்து இரண்டாம் முறை ஒட்டிய துண்டுகள் இன்னும் வேகமாக அழிந்தன. உடலின் எதிர்ப்பு மண்டலம் அந்நியத் திசுவை நினைவில் வைத்துத் தாக்குகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. நோயெதிர்ப்புத் துறையில் மெடாவரின் பணிக்கு 1960இல் நோபெல் பரிசு கிடைத்தது. ஒரே உடலில் இரண்டு ஒட்டுகளை அருகருகே வைத்து ஒப்பிடும் அந்தச் சோதனை வடிவம் இன்றுவரை தோல் ஒட்டு ஆய்வின் முதுகெலும்பாக இருக்கிறது.

இறந்தவர்களிடமிருந்து தானமாகப் பெறும் தோல் தற்காலிக மூடியாக மட்டுமே பயன்படுவது இதனால்தான். சில வாரங்களுக்கு அது நீரிழப்பையும் கிருமித்தொற்றையும் வலியையும் குறைக்கிறது. அதற்குள் சொந்தத் தோலைப் படிப்படியாக எடுத்து ஒட்டலாம். இந்தியாவில் இறந்த ஆறு மணி நேரத்துக்குள் தோல் எடுக்கப்படுகிறது. இரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. கிளிசரினில் இட்டுக் குளிரில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது. மும்பை சயான் மருத்துவமனை, நவி மும்பை ஐரோலியிலுள்ள தேசியத் தீக்காய மையம், கோவை கங்கா மருத்துவமனை போன்ற இடங்களில் தோல் வங்கிகள் உள்ளன.

ஆய்வகத்தில் வளர்ந்த மேல்தோல்

1975இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும், மனித மேல்தோல் செல்களை எலி செல்களின் படுகை மேல் தொடர்ந்து பெருக்கும் வழியைக் கண்டனர். சில சதுர சென்டிமீட்டர் தோலிலிருந்து, மூன்று நான்கு வாரங்களில், ஒருவரின் உடலையே மூடும் அளவுக்குச் செல்தாள்களை வளர்க்க முடிந்தது. 1983இல் உடலில் 95 சதவீதத்துக்கு மேல் எரிந்த இரண்டு சிறுவர்களுக்கு, பாஸ்டன் நகரின் ஷ்ரைனர்ஸ் தீக்காய மருத்துவமனையில் இந்தத் தாள்கள் ஒட்டப்பட்டன. உடற்பரப்பில் ஏறக்குறைய பாதி இவ்வாறு மூடப்பட்டது, இருவரும் பிழைத்தனர். வேறெந்த வழியிலும் காப்பாற்ற முடியாதவர்கள் பிழைத்தபோது இந்த முறை பெரும் நம்பிக்கையை எழுப்பியது.

பிற மருத்துவமனைகளில் பயன்படுத்தியபோது முடிவுகள் சீராக வரவில்லை. சில செல் அடுக்குகளே கொண்ட அந்தத் தாள் எளிதில் கிழிந்தது, கிருமித்தொற்றில் கரைந்தது, முதலில் பிடித்த இடங்களிலும் பிறகு கொப்பளித்து உரிந்தது. மேல்தோலை அடித்தளத்தோடு பிணைக்கும் நுண்ணிழைகள் முதிர்ச்சியடைய மாதக்கணக்கில் ஆனதும், அடியில் உள்தோல் இல்லாததும் இதற்குக் காரணம் என்று ஆய்வுகள் காட்டின. சார்ல்ஸ் குவோனோ 1986இல் ஒரு மாற்று வழியை விவரித்தார். தானத்தோலை முதலில் ஒட்டி, அதன் மேல்தோலை மட்டும் நீக்கி, எஞ்சிய உள்தோலின் மேல் வளர்ப்புத் தாளை வைக்க வேண்டும். உள்தோலில் எதிர்ப்பைத் தூண்டும் தன்மை குறைவு என்பதால் இது ஓரளவு வெற்றி பெற்றது. முதல் வாரத்தில் ஒட்டு பிடித்த விகிதத்தை மட்டும் பார்த்து ஒரு முறையை எடைபோடக் கூடாது என்பது இந்த அனுபவத்தின் பாடம்.

செயற்கை உள்தோல்

உள்தோலின் இடத்தை நிரப்பும் முயற்சி 1981இல் பலன் தந்தது. அறுவை மருத்துவர் ஜான் பர்க்கும் பொறியியலாளர் அயோனிஸ் யானஸும், மாட்டின் கொலாஜனையும் சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைச் சேர்மத்தையும் கொண்டு நுண்துளைகள் நிறைந்த சட்டகம் ஒன்றை அமைத்தனர். அதன் மேலே சிலிக்கோன் ஏடு ஒன்று தற்காலிக மேல்தோலாக இருக்கும். நோயாளியின் சொந்தச் செல்களும் இரத்தக் குழாய்களும் சட்டகத்துக்குள் புகுந்து புது உள்தோலை அமைக்கின்றன. இரண்டு மூன்று வாரம் கழித்து ஏட்டை உரித்து, அதன் மேல் மிக மெல்லிய சொந்தத் தோலை ஒட்டுகிறார்கள். இன்டெக்ரா என்னும் பெயரில் இது 1996இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றது.

1988இல் வெளிவந்த பல மருத்துவமனைச் சோதனை இதைக் கவனமாக எடைபோட்டது. 106 தீக்காய நோயாளிகளின் உடலில் ஓரிடத்தில் செயற்கை உள்தோலும், ஒத்த இன்னோரிடத்தில் வழக்கமான ஒட்டு முறையும் கையாளப்பட்டன. ஒட்டு பிடித்த விகிதத்தில் புதிய முறை பின்தங்கியது: அது 80 சதவீதம், வழக்கமானது 95 சதவீதம். ஆனால் புதிய முறைக்கு மிக மெல்லிய தோலே தேவைப்பட்டதால், தோல் எடுத்த இடம் சுமார் நான்கு நாள் முன்னதாக ஆறிற்று. உடலில் பெரும்பகுதி எரிந்தவருக்கு அந்த நான்கு நாள் முக்கியமானது. ஆறிய இடத்திலிருந்து மறுபடி தோல் எடுக்கலாம். ஓர் அளவுகோலில் தோற்பதும் வேறோர் அளவுகோலில் வெல்வதும் ஒரே முறைக்கு நேரலாம்.

தெளிக்கும் செல்கள்

செல்களை ஆய்வகத்தில் வளர்க்க மூன்று வாரம் காத்திருப்பது தீக்காய நோயாளிக்கு நீண்ட காலம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் அறுவை மருத்துவர் ஃபியோனா வுட்டும் ஆய்வாளர் மேரி ஸ்டோனரும் இந்தக் காத்திருப்பைக் குறைக்க முயன்றனர். அஞ்சல் தலை அளவுத் தோலை ஒரு நொதியில் ஊறவைத்து, செல்களைப் பிரித்து, நீர்மத்தில் கலந்து காயத்தின் மேல் தெளிப்பது அவர்கள் வகுத்த முறை. அறுவை அரங்கிலேயே அரை மணி நேரத்தில் இதைத் தயாரிக்கலாம். ஒரு சதுர சென்டிமீட்டர் தோலிலிருந்து 80 சதுர சென்டிமீட்டர் வரை தெளிக்க முடியும். 2002 அக்டோபரில் பாலித் தீவில் குண்டுகள் வெடித்தபோது ராயல் பெர்த் மருத்துவமனைக்கு வந்த 28 நோயாளிகளின் சிகிச்சையால் இந்த முறை உலகின் கவனத்தைப் பெற்றது.

கவனம் பெற்ற அளவுக்கு அப்போது சான்றுகள் இல்லை. ஒப்பீட்டுச் சோதனைகள் பின்னால்தான் வந்தன. அமெரிக்காவில் 30 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், ஆழமான தீக்காயங்களின் ஒரு பகுதிக்கு வழக்கமான வலை ஒட்டும், மற்றொரு பகுதிக்கு அதைவிட அகலமாக விரித்த வலையும் அதன் மேல் தெளித்த செல்களும் தரப்பட்டன. எட்டு வாரத்தில் இரண்டும் ஒத்த அளவில் ஆறியிருந்தன. புதிய முறைக்குத் தேவைப்பட்ட தோல் 32 சதவீதம் குறைவு. 2018 செப்டம்பரில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. தெளித்த செல்கள் உள்தோலைத் தருவதில்லை. ஆகவே முழு ஆழக் காயத்தில் வலை ஒட்டோடு சேர்த்தே இது பயன்படுகிறது.

உயிருள்ள மாற்றுத்தோல்

பிறந்த குழந்தைகளின் விருத்தசேதனத்தில் அகற்றும் தோலிலிருந்து செல்களைப் பெருக்கி, கொலாஜனில் விதைத்து, மேல்தோல் உள்தோல் இரண்டும் கொண்ட தாள்களை உருவாக்குவது மற்றொரு வழி. இவ்வகையிலான ஆப்லிகிராஃப் 1998இல் காலின் நாளப் புண்ணுக்கும் 2000இல் சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பாதப் புண் உள்ள 208 பேரிடம் நடந்த சோதனையில், 12 வாரத்துக்குள் முழுமையாக ஆறியவர்கள் புதிய தோல் பெற்றவர்களில் 56 சதவீதம், நல்ல வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களில் 38 சதவீதம். இந்தத் தோல் நிரந்தரமாகத் தங்குவதில்லை. அதன் செல்கள் சில வாரங்களில் மறைந்துவிடுகின்றன. இருக்கும் காலத்தில் அவை சுரக்கும் வளர்ச்சிக் காரணிகள், நின்றுபோன ஆறுதலை மீண்டும் தொடங்கிவைக்கின்றன.

தீக்காயத்துக்காக உருவான ஸ்ட்ராட்டாகிராஃப் 2021 ஜூனில் ஒப்புதல் பெற்றது. 71 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், இது வைக்கப்பட்ட ஆழமான காயங்களில் 83 சதவீதம், சொந்தத் தோல் ஒட்டாமலே மூன்று மாதத்தில் மூடின. எஞ்சிய உள்தோலில் தங்கியிருக்கும் செல்கள் தாமே மூடும் வரை காயத்தைக் காப்பது இதன் பணி. உள்தோல் முழுவதும் எரிந்த காயத்துக்கு இது அனுமதிக்கப்படவில்லை.

மரபணு திருத்திய தோல்

தோலே நோயாக இருக்கும்போது சொந்தத் தோலை ஒட்டிப் பயனில்லை. எபிடெர்மோலிசிஸ் புல்லோசா என்னும் பிறவிக் கோளாறில், அடுக்குகளைப் பிணைக்கும் புரதம் குறைபடுவதால் லேசாக உராய்ந்தாலும் தோல் கொப்பளித்து உரியும். 2015இல் ஜெர்மனியின் போகும் நகரில், இந்நோயால் தோலில் பெரும்பகுதியை இழந்த ஏழு வயதுச் சிறுவனிடமிருந்து சிறிது தோல் எடுக்கப்பட்டது. இத்தாலியின் மோடெனா நகரில் மிகேலே டெ லூக்காவின் குழு அதன் செல்களில் குறைபட்ட மரபணுவின் நல்ல பிரதியைச் செலுத்தித் தாள்களாக வளர்த்தது. உடலில் 80 சதவீதம் புதிய மேல்தோலால் மூடப்பட்டது. 2017இல் வெளியான அறிக்கை, அந்தத் தோல் உறுதியாக நிலைத்திருப்பதையும், அதை நெடுங்காலம் புதுப்பிப்பவை சில வகை மூலச்செல்கள் மட்டுமே என்பதையும் காட்டியது.

ஒருவரிடம் கிடைத்த வெற்றி ஒரு முறைக்கான சான்றாகாது. பலரிடம் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும். இந்நோயின் மற்றொரு வகைக்கு மரபணு திருத்திய தாள்கள் 11 நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டன. ஒவ்வொருவருக்கும் ஒத்த புண்கள் இரண்டிரண்டாக இணைக்கப்பட்டு மொத்தம் 43 இணைகள் ஒப்பிடப்பட்டன. ஆறு மாதத்தில் பாதிக்கு மேல் ஆறியவை, ஒட்டிய புண்களில் 81 சதவீதம்; ஒட்டாதவற்றில் 16 சதவீதம். 2025 ஏப்ரலில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது.

சோதனை எப்படி நடக்கிறது

ஒவ்வொரு முறையும் முதலில் செல் அளவிலும், பிறகு விலங்குகளிலும் பரிசோதிக்கப்படுகிறது. பன்றியின் தோல் தடிமனிலும் அமைப்பிலும் மனிதத் தோலுக்கு நெருக்கமானது. எலியின் தளர்ந்த தோல் பெரும்பாலும் சுருங்கியே காயத்தை மூடிவிடுவதால், காயத்தைச் சுற்றி வளையம் தைத்துச் சுருக்கத்தைத் தடுத்துத்தான் ஆராய்கிறார்கள். மனிதரிடம் முதலில் ஒரு சிலருக்குத் தந்து பாதுகாப்பைப் பார்ப்பதும், பிறகு பலரிடம் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடுவதும் நடைமுறை.

தோலுக்கு மற்ற உறுப்புகளுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. ஒரே நோயாளியின் இரண்டு காயங்களை, அல்லது ஒரே காயத்தின் இரண்டு பாதிகளை ஒப்பிடலாம். வயது, ஊட்டச்சத்து, சர்க்கரை அளவு, புகைப்பழக்கம் எல்லாம் இரண்டு பக்கத்துக்கும் பொது என்பதால் குறைந்த எண்ணிக்கையிலான நோயாளிகளே தெளிவான விடை தருகிறார்கள். எந்தப் பக்கத்துக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ய வேண்டும். மருத்துவர் தேர்ந்தெடுத்தால் நல்ல பக்கம் புதிய முறைக்குப் போய்விடக்கூடும். இந்த வடிவத்துக்கும் எல்லை உண்டு. உயிர் பிழைத்தல், மருத்துவமனையில் தங்கும் நாள், உடல் முழுவதையும் தொடும் பக்கவிளைவு ஆகியவற்றை இது பிரித்துக் காட்டாது.

நாட்பட்ட புண்களில் இரண்டு தனிக் குழுக்களை ஒப்பிடுவதே வழக்கம். இங்கே நல்ல பராமரிப்பின் பலனைப் புதிய தோலின் பலனாக எண்ணிவிடும் ஆபத்து இருக்கிறது. அழுகிய சதையை அகற்றி, பாதத்தின் மேல் எடை விழாமல் காத்து, ஒழுங்காகக் கட்டுப் போட்டாலே சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்களில் ஏறத்தாழ கால்வாசி 12 வாரத்தில் ஆறிவிடுவதாக, பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 1999ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே பல சோதனைகளில் முதல் இரண்டு வாரம் அனைவருக்கும் இந்தப் பராமரிப்பை மட்டும் தந்து, வேகமாக ஆறுபவர்களை விலக்கிய பிறகே பிரிக்கிறார்கள்.

எதை வெற்றி எனக் கொள்வது என்பதும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் வரையறைப்படி, முழுமையாக ஆறிய காயம் என்பது மேல்தோல் முற்றிலும் மூடி, நீர் கசியாமல், கட்டுத் தேவைப்படாமல், இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை பார்த்தபோதும் அவ்வாறே இருப்பது. தழும்பின் தடிமன், நிறம், நெகிழ்வு, அரிப்பு ஆகியவற்றுக்குத் தனி மதிப்பெண் அட்டவணைகள் உள்ளன. வலை ஒட்டு எது, செயற்கைத் தோல் எது என்பது பார்த்தாலே தெரியும் என்பதால் அறுவை மருத்துவரிடம் சிகிச்சையை மறைக்க இயலாது. எனவே எந்தச் சிகிச்சை தரப்பட்டது என்று அறியாத வேறொருவர் புகைப்படங்களைப் பார்த்து மதிப்பிடுகிறார்.

சரிபார்ப்பு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 1974ஆம் ஆண்டு நியூயார்க் ஸ்லோன் கெட்டரிங் நிறுவனத்தில் நடந்தது சாட்சி. தோலை ஆய்வகத்தில் சில வாரம் வளர்த்தால் அந்நிய உடலும் அதை ஏற்கும் என்று வில்லியம் சம்மர்லின் கூறி வந்தார். வெள்ளை எலிகளின் மேல் கறுப்புத் தோல் ஒட்டு பிடித்திருப்பதாக அவர் காட்டிய திட்டுகள், மைப்பேனாவால் தீட்டப்பட்டவை எனத் தெரியவந்தது. உதவியாளர் ஒருவர் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தபோது கறுப்பு நீங்கிவிட்டது. சம்மர்லினின் முடிவுகளைப் பிற ஆய்வகங்கள் அதற்கு முன்பே திரும்பச் செய்து பார்க்க முயன்று தோற்றிருந்தன.

இந்தியாவில் 2009 ஜூன் முதல் மருத்துவச் சோதனைகளை, ஆளெடுக்கும் முன்பே பொதுப் பதிவேட்டில் பதிவது கட்டாயம். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் அறிந்த ஒப்புதலும் தேவை. கடும் வலியில் இருக்கும் தீக்காய நோயாளியிடமும் குழந்தைகளிடமும் இந்த ஒப்புதலைப் பெறுவது கூடுதல் பொறுப்பு.

மலிவான வழிகள்

ஆய்வகத்தில் வளர்த்த தோலின் விலை பெரும்பாலான நாடுகளின் பொது மருத்துவமனைகளுக்கு எட்டாதது. ஆகவே எளிய பொருட்களையும் அதே கண்டிப்போடு சோதிக்கும் முயற்சிகள் நடந்துள்ளன. மும்பையில் 1980களில் வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைத் தீக்காயக் கட்டாகப் பயன்படுத்தினர். பிறகு அதே நகரில் மாதுரி கோரேயும் அகோலேகரும் கிருமி நீக்கிய வாழையிலையை, தோல் எடுத்த இடத்துக்கான கட்டாக வாஸ்லின் துணியோடு ஒப்பிட்டு 2003இல் வெளியிட்டனர். இலை ஒட்டிக்கொள்ளாததால் கட்டு மாற்றும்போது வலி குறைவாக இருந்தது. உருளைக்கிழங்குத் தோல் கட்டோடு ஒப்பிட்டபோதும் ஆறுவதில் சமமாகவும் விலையில் பல மடங்கு மலிவாகவும் இருந்தது.

பிரேசிலின் ஃபோர்ட்டலேசா நகரில், கிருமி நீக்கிய திலாப்பியா மீன்தோல் மேலோட்டமான தீக்காயங்களை மூடப் பயன்படுத்தப்பட்டு, வலியும் கட்டு மாற்றும் தேவையும் குறைவதாகக் கண்டறியப்பட்டது. ஐஸ்லாந்தில் காட் மீனின் தோலிலிருந்து செல்களை நீக்கிய சட்டகம் தயாராகிறது. சர்க்கரை நோயால் வந்த ஆழமான பாதப் புண்கள் கொண்ட 255 பேரிடம் ஐரோப்பாவில் நடந்து 2024இல் வெளியான சோதனையில், 16 வாரத்தில் ஆறியவர்கள் மீன்தோல் பெற்றவர்களில் 44 சதவீதம், வழக்கமான பராமரிப்பில் 26 சதவீதம்.

இன்னும் எட்டாதவை

ஒட்டுப் பரப்பில் மயிர்க்காலோ வியர்வைச் சுரப்பியோ மீண்டும் உருவாவதில்லை. உடலில் பெரும்பகுதி ஒட்டப்பட்டவர்கள் வெயிலில் உடல் வெப்பத்தைத் தணிக்க முடியாமல் தவிக்கிறார்கள். தொடுஉணர்வு பகுதியளவே திரும்புகிறது. நிறம் சுற்றியுள்ள தோலோடு பொருந்துவது அரிது. குழந்தை வளரும்போது ஒட்டு அதே வேகத்தில் வளராததால் மறுபடி அறுவை தேவைப்படலாம். தழும்பு முதிர ஓராண்டுக்கு மேல் ஆகும் என்பதால், மூன்று மாதத்தில் முடியும் சோதனை இவற்றைக் காண்பதில்லை. வளர்ப்பு மேல்தோல் ஒட்டிய இடங்களில் ஆண்டுகள் கழித்துச் சிலருக்குத் தோல் புற்றுநோய் வந்தது பதிவாகியுள்ளது. பெருந்தீக்காயத் தழும்பிலேயே அத்தகைய புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு உண்டு என்பதால் காரணத்தைப் பிரித்தறிவது கடினம். நீண்ட காலப் பின்தொடர்தலும் பதிவேடும் இன்றியமையாதவை ஆவது இதனால்தான்.

2020இல் அமெரிக்காவில் கார்ல் கோலரின் குழு, மனித மூலச்செல்களிலிருந்து மயிர்க்கால்களும் நரம்புகளும் கூடிய சிறு தோல் உருண்டைகளை வளர்த்து, எலியின் உடலில் ஒட்டி முடி முளைப்பதைக் காட்டியது. அது மனிதக் காயத்துக்கு வர, முந்தைய முறைகள் சந்தித்த அதே கேள்விகளுக்கு விடை தர வேண்டும்: எவ்வளவு தோல் எடுக்க வேண்டும், எத்தனை நாளில் மூடும், எவ்வளவு சுருங்கும், எத்தனை ஆண்டு நிலைக்கும், எவ்வளவு செலவாகும், பக்கத்தில் ஒட்டிய சாதாரணத் தோலைவிட எதில் மேம்பட்டது.